வீட்டை விட்டுப் போகாதவரை

தினேஷ் கண்ணு,

ஃபோனில் பாதியில் விட்ட பேச்சை உட்கார்ந்து எழுதுகிறேன். அவசரமில்லாத நேரத்தில் படி.

போன ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டில் பிடித்திருக்கும் மண்டபத்தைப் பற்றியும் யார் யாருக்குப் பத்திரிகை வைப்பது என்பதைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தோம். நான் சுந்தரம் அங்கிள் பெயரைச் சொன்னதும் நீ சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டாய். லைன் கட்டாகிவிட்டதோ என்று நான் ஹலோ ஹலோ என்று கூப்பிட்டேன். அப்புறம் மெதுவாக, "அம்மா, அவருக்கு என் மேல இன்னும் கோபம் இருக்குமா? நான் அன்னைக்கு டின்னர்ல அப்படிக் கேட்டிருக்கலைன்னா நீங்க ரெண்டு பேரும் மேரேஜ் பண்ணியிருப்பீங்கதானே? நான்தானே ஸ்பாயில் பண்ணினேன்?" என்றாய். இத்தனை நாளாக இதை மனசில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாய் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. உன் ரூம்மேட் பக்கத்தில் இருந்தான், உனக்கும் எங்கேயோ கிளம்ப வேண்டியிருந்தது. "அதெல்லாம் இல்லடா கண்ணு" என்று மட்டும் சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன். அது போதாது. இன்னும் கொஞ்ச நாளில் நீயும் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய் டெக்சாஸில் அந்த ஃபிரிஸ்கோவில் குடித்தனம் நடத்தப் போகிறாய். அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். நான் அவரை வேண்டாம் என்று சொன்னதற்கு நீ காரணம் இல்லை. ஊர் என்ன பேசுமோ என்ற பயமும் இல்லை. வாடகைதான் காரணம்.

இதைச் சொல்ல உன் அப்பாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. தொண்ணூறில் நாம் மூன்று பேரும் இங்கே வந்து இறங்கியபோது உனக்குப் பதிமூன்று வயது. அப்பாவின் கம்பெனிக்குப் பக்கத்திலேயே, நீச்சல் குளம் வைத்த அந்த அபார்ட்மென்ட். நீ கொஞ்ச நாள் ஸ்கூல் விட்டு வந்ததும் தண்ணீரிலேயே கிடந்தாய். பிறகு நியூ ஜெர்சியில் நல்ல வேலை கிடைத்திருக்கிறது, முதலில் நான் போய் வீடு பார்க்கிறேன், உன் பரீட்சை முடிந்ததும் நாம் எல்லாரும் போய்விடலாம் என்று அவர் கிளம்பிப் போனார். முதலில் வாரத்துக்கு ஒரு ஃபோன் வந்தது, பிறகு மாதத்துக்கு ஒன்று, பிறகு வக்கீலிடமிருந்து விவாகரத்துக் காகிதம். அதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். உனக்குத் தெரியாதது, அந்தக் காகிதத்துக்கு முன்னாலேயே அபார்ட்மென்ட் மேனேஜர் ஒருநாள் காலையில் வந்து கதவைத் தட்டியது. நீ ஸ்கூலுக்குப் போயிருந்தாய். உன் அப்பா வீட்டைக் காலி செய்வதாக அங்கிருந்தே எழுதிக் கொடுத்துவிட்டாராம், மாதக் கடைசியில் சாவி வேண்டும் என்றான். நான், "காலி பண்றதா? நாங்க இங்கதான இருக்கோம்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவன் கெட்டவன் இல்லை, சங்கடப்பட்டுக்கொண்டுதான் பேசினான். "யுவர் நேம் இஸ் நாட் ஆன் தி லீஸ், மேடம்" என்றான். லீஸ் என்றால் வாடகை ஒப்பந்தம் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் சரியாகத் தெரிந்தது. அந்த வீட்டில் சமைத்தேன், துவைத்தேன், கொலு வைத்தேன். ஆனால் வீட்டுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை என்று அந்த ஒரு வரியில் தெரிந்துபோயிற்று.

அப்புறம் நாம் பட்டது உனக்கு நினைவிருக்கும். உன் அப்பாவின் ஆபீஸ் நண்பர் வீட்டு ஹாலில் திரைச்சீலை கட்டித் தூங்கினோம். அந்த அம்மாள் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை, ஆனால் அவர்கள் டிவி பார்க்க வேண்டிய இடத்தில் நாம் படுத்திருக்கிறோம் என்பது எனக்குத் தெரியும். நமக்கு கிரீன் கார்டு வந்திருந்ததுதான் நல்ல காலம். கவுன்டி ஆபீசில் உதவித்தொகைக்கு எழுதிக் கொடுத்தேன். வாடகை உதவி கிடைக்கும் அபார்ட்மென்ட்டுகள் சிலவற்றில் நம் பெயரைப் பதிந்து வைத்தேன். ரொம்ப நாள் கழித்து இந்த வீடு வந்தது. ஜன்னலைத் திறந்தால் ஃப்ரீவே இரைச்சல், பாத்ரூம் சுவரில் பூஞ்சை, கார்ப்பெட்டில் யாரோ எப்போதோ கொட்டிய கறை. உனக்குப் பிடிக்கவில்லை. நண்பர்கள் காரில் கொண்டுவந்து விடும்போது நீ முந்தின சிக்னலிலேயே இறங்கிக்கொண்டாய். எனக்கு இந்த வீடு பிடித்திருந்தது. மேனேஜரின் அறையில் உட்கார்ந்து லீஸில் ஒவ்வொரு பக்கமாக நான் கையெழுத்துப் போட்டேன், வேறு யாரும் போடவில்லை.

இந்த வீட்டின் வாடகை எப்படி நடந்தது என்பதை நீ எப்போதும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. என் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை நான் கட்ட வேண்டும், மீதியை அரசாங்கம் வீட்டுக்காரருக்கு நேராகக் கொடுத்துவிடும். எனக்கு டேகேரில் வேலை கிடைத்து உதவித்தொகை நின்ற பிறகும் இந்த ஏற்பாடு தொடர்ந்தது. சம்பளம் கூடினால் என் பங்கும் கூடும், அவ்வளவுதான். இதை நம்பித்தான் உன்னை சான் ஹோசேயில் இன்ஜினியரிங் சேர்த்தேன். நீ வீட்டிலிருந்தே போய்வந்தாய்.

சுந்தரம் அங்கிள் நம் வாழ்க்கைக்குள் வந்தது அரிசி மூட்டையோடு. அப்போது என்னிடம் கார் இல்லை. அவர் மளிகைக் கடை பஸ் ஸ்டாப்பிலிருந்து கொஞ்ச தூரம். ஒருநாள் நான் மூட்டையைத் தூக்க முடியாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, "எந்த ஊருங்க நீங்க?" என்றார். ஈரோடு என்றேன். "நான் கோபிங்க. பக்கத்து ஊர்க்காரங்கள மூட்டை தூக்க விட்டா எனக்குச் சோறு இறங்காதுங்க. சாயந்திரம் கடையைச் சாத்திட்டு வேன்ல கொண்டாந்து போடறேன்" என்றார். அதிலிருந்து மாதம் ஒரு தரம் அரிசி வரும், அவர் ஒரு காபி குடித்துவிட்டுப் போவார். அவர் மனைவி கோபியிலேயே இறந்துவிட்டார், குழந்தைகள் இல்லை. பிளசன்டனில் அவர் அண்ணன் குடும்பத்தோடு ஒரு அறையில் இருந்தார். அங்கிருந்து தினமும் சான்டா கிளாராவுக்கு டிரைவ் பண்ணிக் கடையை நடத்தினார். நாள் போகப்போக ஒரு காபி இரண்டு காபியாயிற்று, மாதம் ஒரு தரம் என்பது வாரம் ஒரு தரமாயிற்று. வேறொன்றும் இல்லை. பேச்சுத்தான். இந்த நாட்டில் என்னிடம், "இன்னிக்கு என்னங்க ஆச்சு?" என்று கேட்ட ஒரே பெரிய மனுஷர் அவர்தான்.

அப்போது இந்தப் பக்கமெல்லாம் எப்படி இருந்தது என்று உனக்கே தெரியும். உன் கிளாஸில் படிப்பை முடிக்காத பையன்களுக்கே கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை கிடைத்துக்கொண்டிருந்தது. வீடு பார்க்க வருகிறவர்கள் வாசலில் வரிசையில் நின்றார்கள், கேட்ட வாடகைக்கு மேலே தருகிறேன் என்று போட்டி போட்டார்கள். ஒருநாள் வேலை முடிந்து வந்தால் எல்லாக் கதவிலும் ஒரே நோட்டீஸ் ஒட்டியிருந்தது. வீட்டுக்காரருக்கும் அரசாங்கத்துக்கும் இருந்த ஒப்பந்தம் முடிகிறது, இனிமேல் அவர் இந்தத் திட்டத்தில் இல்லை, வாடகை வெளிச்சந்தை விலைக்கு ஏறும் என்று எழுதியிருந்தது. துணி துவைக்கும் அறைக்குப் பக்கத்தில் இருக்கிற ஹாலில் எல்லாரையும் கூட்டினார்கள். வீட்டு உதவி ஆபீசிலிருந்து மிஸஸ் லின் என்ற அம்மாள் வந்திருந்தார். பொறுமையாகப் பேசினார். ஏற்கெனவே குடியிருப்பவர்களை யாரும் தெருவில் விடமாட்டார்கள், நமக்குத் தனியாக ஒரு பாதுகாப்பு உண்டு என்றார். வாடகை எவ்வளவு ஏறினாலும், அது அக்கம்பக்கத்து வாடகையோடு ஒத்துப்போகிறது என்று ஆபீஸ் ஒப்புக்கொண்டால், ஏறிய தொகையை அரசாங்கமே கட்டும். நம் பங்கு பழையபடி வருமானத்தைப் பொறுத்ததுதான்.

எல்லாரும் கைதட்டப் போனார்கள். மாடி வீட்டு மெஹர் அக்கா மட்டும் கையைத் தூக்கினார். காயல்பட்டினத்துக்காரர், மூன்று பையன்கள், கணவர் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தார். "நாங்க வேற வீட்டுக்குப் போனா இது கூடவே வருமா, மேடம்?" என்று கேட்டார். மிஸஸ் லின் கொஞ்சம் தயங்கினார். வராது என்றார். இந்த வீட்டில் இருக்கிறவரைக்கும்தான் ஏறுகிற வாடகைக்குப் பாதுகாப்பு. வெளியே போனால் எல்லாருக்கும் கொடுக்கிற சாதாரண உதவி, அதற்கு ஓர் உச்ச வரம்பு உண்டு, வரம்புக்கு மேலே இருப்பதைக் கையிலிருந்து போட வேண்டும். ஒருமுறை போய்விட்டால் திரும்பி வந்தாலும் பழைய பாதுகாப்பு கிடையாது.

மெஹர் அக்கா இதைக் கேட்டும் போனார். அவரைக் குறை சொல்ல முடியாது. வளர்ந்த பையன்கள் மூன்று பேர் ஒரே அறையில் எத்தனை நாள்தான் படுப்பார்கள்? ஃப்ரீவேக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் பெரிய வீடு, பள்ளிக்கூடமும் நல்லது. முதல் வருஷம் சமாளித்தார்கள். அடுத்த வருஷம் அந்த வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினார். உதவி வரம்போடு நின்றுவிட்டது, மீதி முழுவதும் இவர்கள் தலையில். டாக்ஸியை ராத்திரியிலும் ஓட்டினார் கணவர். அதுவும் போதாமல் மலைகளைத் தாண்டி ட்ரேசிக்குக் குடிபோனார்கள். போகிற அன்றைக்கு என்னைப் பார்க்க வந்த மெஹர் அக்கா, "நீ மட்டும் இடத்தைக் காலி பண்ணிராதம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். பையன்கள் வேனுக்குள்ளிருந்து உனக்குக் கையாட்டினார்கள்.

அடுத்த வருஷம் நம் வீட்டுக்காரர் மறுபடி ஏற்றினார். இந்த முறை அவர் கேட்ட தொகையை ஆபீஸ் ஒப்புக்கொள்ளவில்லை, பக்கத்தில் யாரும் அவ்வளவு வாங்கவில்லை என்றது. அவர் குறைக்க மாட்டேன் என்றார். இரண்டு பேரும் இழுத்துக்கொண்டிருந்தார்கள், நாம் நடுவில். ஒத்து வராவிட்டால் ஏறிய வாடகை யார் தலையில் விழும் என்று யாருக்கும் தெரியவில்லை. டேகேரில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு ஊட்டும்போதும் எனக்கு அதே நினைப்புத்தான். நீ கடைசி வருஷத்தில் இருந்தாய். உன்னிடம் சொன்னால் படிப்பை விட்டுவிட்டு ஏதாவது கம்பெனிக்கு ஓடிவிடுவாய் என்று வாயைத் திறக்கவில்லை.

அதே சமயத்தில் சுந்தரம் அங்கிளின் கடை இருந்த கட்டடத்துக்காரரும் வாடகையைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கிவிட்டார். அந்த இடத்துக்கு ஒரு மொபைல் ஃபோன் கடை வரிசையில் நின்றது. பிளசன்டனில் இந்தியக் குடும்பங்கள் பெருகிக்கொண்டிருக்கின்றன, கடையை அங்கேயே மாற்றிவிடலாம் என்று அவர் முடிவு பண்ணினார். ஒரு சனிக்கிழமை அரிசியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, காபி டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "இனிமே இந்தப் பக்கம் வாரது கஷ்டமுங்க" என்றார். நான் தெரியும் என்றேன். "நீங்களும் அந்தப் பக்கம் வந்துட்டா நல்லா இருக்குமுங்க" என்றார். எனக்குப் புரிந்தும் புரியாத மாதிரி, "அங்க எனக்கு என்னங்க வேலை?" என்றேன். "கடையைப் பார்த்துக்கலாம். என்னையும் பார்த்துக்கலாம். நான் உங்களைப் பார்த்துக்குவேன். முறையா கல்யாணம் பண்ணிக்கிட்டுத்தானுங்க" என்றார். அந்த வயதில் எனக்கு முகம் சிவக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். சரி என்று சொல்லவில்லையே தவிர, அன்று முழுக்க எனக்குள் சரிதான். இதை உனக்குச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

உன்னிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு அடுத்த வாரம் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டேன், நீங்கள் இருவரும் பேசிப் பழக வேண்டும் என்று. நீ பாதிச் சாப்பாட்டில் தலையைத் தூக்கி, "ஸோ அங்கிள், உங்க கடை ரென்ட் ஏறிடுச்சுன்னு எங்க வீட்டுக்கு மூவ் பண்றீங்களா?" என்றாய். எனக்குக் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. அவர் நிதானமாகச் சாப்பிட்டு முடித்தார், தட்டைக் கழுவி வைத்தார், "ரசம் நல்லா இருந்துச்சுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நீ அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். மறுநாள் காலையில் அவர் எனக்கு ஃபோன் பண்ணி என்ன சொன்னார் தெரியுமா? "தம்பி கேட்டது தப்பில்லைங்க. அவங்கம்மாவை யாரோ கூட்டிட்டுப் போறாங்கன்னா பையன் கேட்கத்தானே செய்வான்? கேட்கலைன்னாத்தான் நான் வருத்தப்பட்டிருப்பேன்" என்றார். கோபமில்லை கண்ணு. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. ஆனால் நீ கேட்ட கேள்வி என்னை வேறு விதமாக உலுக்கியது. அவர் இங்கே வந்தால் என்ன ஆகும், நான் அங்கே போனால் என்ன ஆகும் என்று அதுவரை நான் யாரிடமும் விசாரிக்கவில்லை.

டேகேரில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு மிஸஸ் லின்னைப் பார்க்கப் போனேன். அவர் சிரித்துக்கொண்டே முதலில் கங்கிராஜுலேஷன்ஸ் சொன்னார். பிறகு சிரிப்பு போய்விட்டது. சுந்தரம் அங்கிள் என் வீட்டுக்கு வந்தால் அவர் வருமானமும் என் வருமானத்தோடு சேரும். கடை வருமானத்தைச் சேர்த்துப் பார்த்தால் அரசாங்கத்தின் பங்குக்கு இடமில்லை, சில மாதங்களில் பாதுகாப்பு முடிந்துவிடும். நான் அவர் வீட்டுக்குப் போனால் போகிற அன்றைக்கே முடிந்துவிடும். "நாளைக்கு ஏதாவது சரிப்பட்டு வரலைன்னா திரும்பி வரலாமா?" என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே, புதிதாகப் பதிவு செய்கிற வரிசையையே மூடி வைத்திருக்கிறார்கள் என்றார். அப்புறம் குரலைத் தணித்து, "உங்க பையன் படிப்பு முடிய எவ்வளவு நாள் இருக்கு?" என்று கேட்டார். ஒரு வருஷம் என்றேன்.

அங்கிருந்து நேராகக் கடைக்குப் போனேன். ஷெல்ஃபுகள் பாதி காலி, அவர் பருப்புப் பாக்கெட்டுகளை அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன். "பிளசன்டன்ல நாம இருக்கப்போற வீடு யார் பேர்ல இருக்குதுங்க?"

"அண்ணன் பேர்லதான். இப்போதைக்கு மேல் ரூம் நமக்கு. கடை நல்லா ஓட ஆரம்பிச்சதும் தனியாப் போயிரலாமுங்க. கையில இருக்கறதெல்லாம் புதுக் கடைல போட்டாச்சே."

"அதுல என் பேரு எழுத முடியுமுங்களா?"

அவர் பெட்டியை விட்டுவிட்டு எழுந்து நின்றார். "என் பேரே அதுல இல்லைங்களே. ஏனுங்க, என்னை நம்பலையா நீங்க?"

"உங்களை நம்பறேங்க. ஆனா வீட்டுக்காரர் நீங்க இல்லையே, உங்க அண்ணன். நாளைக்கு உங்க அண்ணிக்கும் எனக்கும் ஒரு வார்த்தை வந்தா, நானும் என் பையனும் எங்க போய் நிக்கறது? ஒரு தடவை நின்னுட்டேங்க. இன்னொரு தடவை என்னால முடியாது."

"அப்ப ஒரு வீட்டு வாடகைக்காக வேண்டாங்கறீங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"ஆமாங்க" என்றேன். வேறு எப்படிச் சொன்னாலும் அது பொய்யாக இருந்திருக்கும். அவர் தலையைக் குனிந்து மறுபடி பாக்கெட்டுகளை அடுக்கத் தொடங்கினார். நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, நானும் உட்கார்ந்து அவரோடு சேர்ந்து அடுக்கினேன். கடைசிப் பெட்டிக்கு டேப் ஒட்டி முடித்ததும் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். நீ, "எங்கம்மா போன?" என்று கேட்டாய், கடைக்கு என்றேன். நீ இன்னும் என் முகத்தைப் பார்க்காமல்தான் பேசிக்கொண்டிருந்தாய்.

கொஞ்ச நாளில் வீட்டுக்காரர் இறங்கி வந்தார். ஆபீஸ் சொன்ன தொகைக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார். ஏறிய வாடகையை அரசாங்கம் கட்டியது, என் பங்கு மாறவில்லை. மிஸஸ் லின் ஃபோனில் சொன்னபோது நான் சந்தோஷப்பட்டேன், அதில் சந்தேகம் வேண்டாம். நீ படிப்பை முடித்தாய், டெக்சாஸில் வேலை கிடைத்தது, காரில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனாய். நான் எண்ணியது நடந்தது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு டம்ளர் காபி போட்டுவிட்டுத் தனியாக உட்கார்ந்திருப்பேன், அதுவும் உண்மை. ஆனால் மறுபடி அதே நாள் வந்து, கையில் அதே நிலைமை இருந்தால், மறுபடியும் ஆமாங்க என்றுதான் சொல்லுவேன்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். யமுனா உன்னை நம்பித்தான் கரூரிலிருந்து அவ்வளவு தூரம் வருகிறாள். வந்த புதிதில் அவளுக்கு வேலை செய்ய அனுமதி இருக்காது, கார் ஓட்டத் தெரியாது, பேங்கில் அவள் பெயரில் ஒன்றும் இருக்காது. நீ நல்லவன், எனக்குத் தெரியும். உன் அப்பாவும் என்னைக் கல்யாணம் பண்ணிக்கொண்ட நாளில் நல்லவர்தான். நீ புதிதாக எடுக்கப்போகும் அபார்ட்மென்ட்டின் லீஸில் அவள் பெயரை எழுது. மேனேஜர், கூடக் குடியிருப்பவர் என்று ஒரு மூலையில் அவள் பெயரைப் போட்டுவிட்டு, இது போதும் என்பான். போதாது. அவளுக்குக் கிரெடிட் ஹிஸ்டரி இல்லையே என்பான். அதனால் என்ன, வாடகைக்குப் பொறுப்பு நான், அவளும் சேர்ந்து கையெழுத்துப் போடுவாள் என்று சொல். அவளைக் கூட்டிக்கொண்டு போய் அவள் கையாலேயே போட வை. என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குப் படித்துச் சொல். "எதுக்கும்மா இப்பவே இதெல்லாம், நாங்க என்ன பிரியவா போறோம்?" என்று நீ கேட்பாய். பிரியப்போகிறவர்களுக்கு மட்டும் லீஸ் எழுதுவதில்லை. அவள் உன்னோடு சண்டை போடுகிற அன்றைக்கும் அது அவள் வீடாக இருக்க வேண்டும். சண்டை போடவும் ஒரு பெண்ணுக்குக் காலுக்குக் கீழே தரை வேண்டும் கண்ணு. எனக்கு உன் அப்பாவிடம் அது இல்லை, அதனால்தான் நான் ஒருநாளும் அவரை எதிர்த்துப் பேசியதே இல்லை. நான் சாது என்று எல்லாரும் சொல்வார்கள். சாதுவெல்லாம் இல்லை.

இன்னும் ஒரு செய்தி இருக்கிறது. நேரில் சொல்லலாம் என்றிருந்தேன். நீ ஃபோனில் அப்படிக் கேட்ட பிறகு இதை மட்டும் மறைத்து வைப்பது சரியாகப் படவில்லை.

நீ டெக்சாஸ் போன பிறகு ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். இனிமேல் நான் ஒருத்திதான், ஒருத்திக்கு இரண்டு படுக்கையறை வீடு அதிகம், இதே இடத்தில் சின்ன வீடு காலியானதும் அதற்கு மாற வேண்டும் என்றார்கள். மாறினால் பாதுகாப்பு தொடரும். சரி என்றுதான் சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் இந்த வருஷம் இங்கே எல்லாம் தலைகீழாகிவிட்டது, நீயே பேப்பரில் பார்க்கிறாய். டேகேருக்கு வந்துகொண்டிருந்த பாதிப் பிள்ளைகளின் அப்பாக்களுக்கு வேலை இல்லை. எந்த அபார்ட்மென்ட் வாசலில் வரிசை நின்றதோ அங்கேயே இப்போது முதல் மாத வாடகை இலவசம் என்று துணியில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒருநாள், நீ போன பிறகு நான் வாங்கிய பழைய காரில் போகும்போது அப்படி ஒன்றைப் பார்த்து ஓரமாக நிறுத்தினேன். நான் இந்த வீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது உன் படிப்புக்காக. படிப்பு முடிந்துவிட்டது. எனக்கு டேகேரில் முழு நேர வேலையும் இன்ஷூரன்ஸும் இருக்கிறது. இனிமேலும் நான் எதற்காகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து பிளசன்டன் கடைக்கு ஃபோன் பண்ணினேன். அவரே எடுத்தார். "கடை எப்படிங்க போகுது?" என்றேன். நன்றாகப் போகிறது என்றார். "இன்னும் அண்ணன் வீட்டு மேல் ரூம்லதான் இருக்கீங்களா?" என்றேன்.

"ஆமாங்க. தனியா வீடு எடுக்கலாமுங்க. ஒரு ஆளுக்கு எதுக்குன்னு இருந்துட்டேன்."

"ரெண்டு ஆளுக்குன்னா எடுப்பீங்களா?" என்று கேட்டேன். என் வாயிலிருந்துதான் வந்தது.

அந்தப் பக்கம் யாரோ கொத்தமல்லி என்ன விலை என்று கேட்டார்கள். அவர் அவர்களுக்குப் பதில் சொல்லவில்லை. "லீஸ்ல முதல் பேரு உங்களோடதா இருக்கட்டுமுங்க" என்றார்.

போன சனிக்கிழமை இரண்டு பேரும் போய் ஒரு வீடு பார்த்தோம். பிளசன்டனில்தான், மாடியில், சமையலறையில் நல்ல வெளிச்சம். ஃப்ரீவேயில் டேகேருக்கு டிரைவ் பண்ண நேரமாகும், பரவாயில்லை. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். இந்த வீட்டைக் காலி செய்வதாக மிஸஸ் லின்னிடம் சொன்னபோது அவர், "ஷ்யூரா?" என்று கேட்டார், ஷ்யூர் என்றேன். பயமாக இல்லையா என்றால் இருக்கிறது. இந்த முறை பயத்தோடு போகலாம் என்று தோன்றுகிறது. உன் கல்யாணம் முடிந்து திரும்பி வந்ததும் கவுன்டி ஆபீசில் எங்கள் கல்யாணத்தைப் பதிவு பண்ணிக்கொள்வோம். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை, தெரிவிக்கிறேன். உனக்கு வருத்தமிருந்தால் எனக்கு ஃபோன் பண்ணித் திட்டு, கேட்டுக்கொள்கிறேன்.

உன் அப்பா வருவாரோ மாட்டாரோ, உன் பெரியப்பா குடும்பம் முழுக்க ஈரோட்டு மண்டபத்தில் முன் வரிசையில் இருக்கும் என்று தெரியும். சுந்தரம் அங்கிளுக்கும் டிக்கெட் போட்டாயிற்று. அவர் என் பக்கத்து நாற்காலியில் உட்காருவார். இவர் யார் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று நீ மணமேடையில் உட்கார்ந்து கவலைப்படாதே. நானே சொல்லிக்கொள்கிறேன்.

அம்மா